அப்பாவின் சாமி, அம்மாவின் அடுக்களை: பெரனாக்கான் அரும்பொருளகத்தைப் பார்க்கும் விதம்

சிங்கப்பூரின் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் உள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்துக்குப் போகிறவர்களில் பலர் கண்ணைப் பறிக்கும் பொருள்களுக்காகவே போகிறார்கள். ரோஜா நிறப் பீங்கான், பூவேலை செய்த கெபாயா எனும் மேற்சட்டை, மணி கோத்த செருப்பு, தங்கமுலாம் மினுங்கும் கல்யாணக் கட்டில். எல்லாம் அங்கே இருக்கின்றன, அழகுக்கும் குறைவில்லை. ஆனால் இதை யார் செய்தார்கள், எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது, இதைப் பாதுகாத்து வைக்க யாருக்கு வசதி இருந்தது என்று கேட்டுக்கொண்டே நடந்தால்தான் அந்த இடம் முழுதாகப் பேசும். தமிழ் பேசுகிறவர்கள் அப்படிக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரனாக்கான் என்றதும் சீனப் பாபா நோன்யா குடும்பங்கள்தான் நினைவுக்கு வருகின்றன; ஆண்களைப் பாபா என்றும் பெண்களை நோன்யா என்றும் சொல்வார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்கா போன தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களும் பெரனாக்கான்கள்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

காற்று மாறும்வரை

வெளியூரிலிருந்து வந்த ஆணுக்கும் மலாய்த் தீவுக்கூட்டத்துப் பெண்ணுக்கும் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகளைப் பெரனாக்கான் என்று மலாயில் சொல்வார்கள். இப்படி ஒரு சமூகம் உருவாக முதல் காரணம் பருவக்காற்று. பாய்மரக் கப்பல் காலத்தில் ஒரு காற்றில் வந்தவர் மறு காற்று வீசும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே காத்திருக்க வேண்டும். சீனத்திலிருந்து வரும் கப்பலும் இந்தியக் கரையிலிருந்து வரும் கப்பலும் சந்தித்துச் சரக்கு மாற்றிக்கொள்ள வாகான இடம் மலாக்கா. 1400-ஐ ஒட்டி எழுந்த அந்த நகரம் நூறாண்டுக்குள் உலகச் சந்தையாகிவிட்டது. 1512 முதல் 1515 வரை அங்கே இருந்த போர்த்துக்கீசியர் தோமே பிரேஸ், மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதியிருக்கிறார்.

இரண்டாவது காரணம், பெண்கள் கப்பலேறவில்லை. சீனத்தை ஆண்ட சிங் பேரரசு தன் குடிமக்கள் வெளிநாட்டில் குடியேறுவதற்கு விதித்த தடையை 1893-இல்தான் முறைப்படி நீக்கியது. தடையை மீறி ஆண்கள் போனார்கள். பெண்கள் மிக அரிதாகவே போனார்கள். தமிழ் வணிகர்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். காத்திருந்த மாதங்கள் வருடங்களாயின. கடைக்கு ஆள் வேண்டும், கிட்டங்கிக்குக் காவல் வேண்டும், உள்ளூர் மொழியில் பேரம் பேச வேண்டும். மலாய், ஜாவானிய, பத்தாக் பெண்களை மணந்து குடித்தனம் வைத்தார்கள்.

அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளிடம் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சீனர் வீடானாலும் தமிழர் வீடானாலும் சாமியும் குலப்பெயரும் முன்னோர் வழிபாடும் அப்பாவிடமிருந்து வந்தன. பேச்சும் உடுப்பும் சமையலும் அம்மாவிடமிருந்து வந்தன. பாபாக்கள் தென்சீனத்து ஹொக்கியன் மொழிச் சொற்கள் கலந்த மலாய் பேசினார்கள். வாழையடி வாழையாக முன்னோர் பலகைக்கு ஊதுபத்தி ஏற்றினார்கள். தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகள் தமிழ்ச் சொற்கள் கலந்த மலாய் பேசினார்கள், சைவர்களாகவே இருந்தார்கள். அரும்பொருளகத்தின் எந்தப் பொருளின் முன் நின்றாலும் இதில் அப்பா பக்கம் எது, அம்மா பக்கம் எது என்று பார்க்கலாம். பெரும்பாலும் விடை கிடைக்கும். கிடைக்காத இடங்களில் மூன்றாவதாக ஒருவர் கை வைத்திருப்பார்: ஐரோப்பியரோ, இலங்கைப் பொற்கொல்லரோ, ஜாவாவின் வடகரைச் சாயக்காரரோ.

கலப்பு என்றால் எல்லாத் தலைமுறையிலும் கலந்துகொண்டே இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் சில தலைமுறைகளுக்குப் பிறகு பாபாக்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். சீனத்திலிருந்து புதிதாக வந்து இறங்கிய உழைப்பாளி இளைஞனை வீட்டோடு மாப்பிள்ளையாக்கிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. ஆண்வழி மரபைப் போற்றிய சீனக் குடும்பங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ்வது விந்தையான ஏற்பாடு. நோன்யா பெண்களின் கைத்திறனும் ருசியும் சடங்கும் தாயிடமிருந்து மகளுக்கு அறுபடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மகள் வேறு வீட்டுக்குப் போய் வேறு முறைக்குத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் ஆங்கிலேயர் நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒரே நிர்வாகத்தில் கொண்டுவந்தபோது பாபாக்களின் நல்ல காலம் தொடங்கியது. மலாய் தெரியும், சீன வணிக வட்டம் தெரியும், ஆங்கிலமும் சீக்கிரமே கைவந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் சந்தைக்கும் நடுவில் நிற்க இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. மலாக்காவில் பிறந்த டான் டோக் செங் பெயரில்தான் இன்றும் சிங்கப்பூரின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று இருக்கிறது. நாம் இன்று கண்ணாடிப் பேழைக்குள் பார்க்கும் பெரும்பாலான பொருள்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கமும் தந்தவை. அந்தச் செல்வச் செழிப்பின் அரை நூற்றாண்டைப் பல நூற்றாண்டுகால வரலாறு முழுவதற்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

கட்டடமும் மூன்று தளங்களும்

அரும்பொருளகக் கட்டடம் முன்னாள் தாவ் நான் பள்ளி. 1906-இல் தொடங்கிய பள்ளி 1912-இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. ஹொக்கியன் சமூகத்தார் தங்கள் பிள்ளைகளுக்குச் சீனக் கல்வி கொடுக்க எழுப்பிய இடம். இந்த நிலத்தை வாங்கப் பணம் கொடுத்தவர்களில் ஜாவாவின் செமாராங்கைச் சேர்ந்த சர்க்கரை வணிகர் ஓய் தியோங் ஹாம் ஒருவர். அவரே ஒரு பெரனாக்கான். 1982-இல் பள்ளி வேறிடம் போனது. 1997-இல் ஆசிய நாகரிக அரும்பொருளகம் முதன்முதலில் இங்கேதான் திறந்தது. 2008 ஏப்ரலில் பெரனாக்கான் அரும்பொருளகம் ஆனது. 2019-இல் புதுப்பிப்புக்காக மூடி, 2023 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். அருகிலேயே 1835-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. தெருவுக்குப் பெயர் அதனால் வந்தது.

2023-க்குப் பிறகு மூன்று தளங்களுக்கும் மூன்று பொருள்: தோற்றம், இல்லம், பாணி. முன்பெல்லாம் சீனப் பெரனாக்கான் திருமணம்தான் முதுகெலும்பாக இருந்தது. 12 நாள் சடங்கைக் கூடம் கூடமாக நடந்து பார்ப்போம். இப்போது முதல் தளத்திலேயே பெரனாக்கான் என்பவர் யார் என்ற கேள்வியை வைத்துவிடுகிறார்கள். சீனர், மலாக்காச் செட்டி, தமிழ் முஸ்லிம் வழிவந்த ஜாவி பெரனாக்கான் என்று பல வழிவந்த குடும்பங்களின் முகங்கள் வருகின்றன. இது சரியான மாற்றம். முதல் தளத்தை வேகமாகக் கடந்து மேலே நகைகளுக்கு ஓடுகிறவர்கள் முக்கியமானதைத் தவறவிடுகிறார்கள்.

கல்யாணக் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பினாங்குக் குடும்பம் ஒன்றின் கட்டில் இந்தச் சேகரிப்பின் பெயர்பெற்ற பொருள்களில் ஒன்று. சிவப்பு அரக்கும் தங்கமுலாமும் பூசிய மரச்செதுக்கு வேலை. நான்கு பக்கமும் பூக்கள், பறவைகள், கனிகள். மேலே பட்டுத் திரைகள், தொங்கல்கள். அந்த வீட்டு அம்மாள் பெற்ற 11 பிள்ளைகளில் முதல் 7 பேர் அதே கட்டிலில் பிறந்தார்கள். கல்யாணத்துக்கு முன் நல்ல நேரம் பார்த்துக் கட்டிலுக்குச் சடங்கு செய்வார்கள். ஒரு சிறுவனை அதன்மேல் மூன்று முறை உருளவிடுவார்கள், முதல் பிள்ளை ஆணாகப் பிறக்க வேண்டுமென்று. செதுக்கு வேலையின் நுட்பத்தைவிட இந்தத் தகவல்கள்தான் என்னை அதன் முன் நிறுத்திவைக்கின்றன. பிரசவ வலியும் குழந்தை அழுகையும் நிறைந்த ஓர் அறையை அந்தக் கட்டில் சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை மொத்தமும் எவ்வளவு சிறிய இடத்துக்குள் நடந்தது என்பதையும் அது சொல்கிறது.

ஏனென்றால் பருவம் எய்திய நோன்யா பெண் வீட்டை விட்டு வெளியே போவது அரிது. தையல், மணிவேலை, சமையல் மூன்றும்தான் கல்வி. பெண் பார்க்க வந்த மாமியார் உள்ளே மசாலா இடிக்கும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டே பெண்ணின் கைப்பக்குவத்தை எடைபோடுவாள் என்று இன்றும் சொல்வார்கள். மணி கோத்த செருப்பை, காசுட் மானேக் என்பார்கள், அந்த மூடிய வீட்டின் பொருளாகப் பார்க்க வேண்டும். பிடாங்கான் எனும் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகளை ஊசிமுனையில் ஒவ்வொன்றாக எடுத்துத் தைப்பார்கள். மணி ஐரோப்பாவிலிருந்து வந்தது. ரோஜாவும் கிளியும் நாய்க்குட்டியுமாக வரும் உருவங்களில் பல ஐரோப்பியத் தையல் மாதிரித் தாள்களிலிருந்து வந்தவை. வெளியே போகாத பெண்ணின் கையில் உலகம் முழுவதும் வந்து சேர்ந்திருக்கிறது. பினாங்கிலிருந்து வந்த ஒரு மேசை விரிப்பில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள் இருக்கின்றன. எத்தனை பெண்கள், எத்தனை மாதங்கள், எத்தனை ஜோடிக் கண்கள் என்று யோசிக்காமல் அதைக் கடந்து போக முடியாது. செய்தவர்களின் பெயர் தெரியாமலே போய்விட்டது என்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு.

பீங்கான் கூடத்தில் நிறத்தைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பு, இலைப்பச்சை, மஞ்சள் என்று கொண்டாட்ட நிறத்தில் பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் தீட்டிய பாத்திரங்கள் சீனத்தின் ஜிங்டெசென் சூளைகளில் இவர்களுக்காகவே செய்து வந்தவை. இங்குள்ள நோன்யாக்களின் ருசிக்கேற்பச் செய்தார்கள். மூடியும் கைப்பிடியும் கொண்ட காம்செங் பாத்திரத்தில் குழம்பும் இனிப்பும் பரிமாறினார்கள். விசேஷ நாள்களில் மட்டும் எடுத்ததால்தான் இவ்வளவு உடையாமல் தப்பியிருக்கின்றன. துக்க வீட்டில் இவை வெளியே வராது. நீலமும் வெள்ளையுமான பாத்திரம்தான் வரும்.

நகைக்கும் அதே விதி. துக்க காலத்தில் தங்கமும் வைரமும் கழற்றிவிட்டு வெள்ளியும் முத்தும் அணிவார்கள். முத்து கண்ணீருக்கு ஒப்பு. கருப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று உடையின் நிறமே துக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிடும். மற்ற நாள்களின் நகைகளில் கெரோசாங் எனும் ஊசிப்பதக்கத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். நீண்ட அங்கியான பாஜு பாஞ்சாங்குக்கும் கெபாயாவுக்கும் பொத்தான் கிடையாது. முன்பக்கத்தை மூட மூன்று ஊசிகள் வேண்டும். பழைய தொகுதியில் பெரியது தாய், சிறிய இரண்டும் பிள்ளைகள் என்றே பெயர். அவற்றைச் செய்தவர்களில் சீனரும் உண்டு, இந்தியரும் உண்டு, இலங்கையிலிருந்து வந்தவர்களும் உண்டு. சீன மங்கலச் சின்னத்தைச் சீனர் அல்லாத கை செதுக்கியிருக்கும். கல் பதித்த விதத்தில் நம் ஊர்ப் பத்தரின் வேலை தெரியும்.

இரண்டாம் தளத்தில் வெற்றிலைச் செல்லத்தைப் பார்த்தவுடன் தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அது என்னவென்று விளக்க வேண்டியிருக்காது. பாக்கு, சுண்ணாம்பு, காசிக்கட்டி வைக்கத் தனித்தனிக் கிண்ணம், வெற்றிலைக்கு ஒரு தட்டு, பாக்குவெட்டி. விருந்தினரை வரவேற்கவும் கல்யாணத்துக்கு அழைக்கவும் அதுதான். சீனக் குடும்பத்துப் பாட்டிகள் நாளெல்லாம் வெற்றிலை மென்ற காலம் அது.

பழவேற்காட்டுத் துணி

மூன்றாம் தளத்தில், மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் பாத்திக் முறையில் செய்த, இடுப்பில் சுற்றும் சாரோங்குகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஜாவாவின் வடகரையில் உள்ள பெக்காலோங்கானில் செய்தவை பெரும்பாலும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கைச் சாயம் வந்தபின் அந்த இளநிறங்கள் பூத்தன. சீன வழிபாட்டு மேசையின் முன்புறம் தொங்கவிடும் தோக் வீ எனும் துணியைக்கூட ஜாவாவில் மெழுகு வைத்துச் சாயம் தோய்த்துச் செய்திருக்கிறார்கள். சீனத்துக் கீலின் மிருகம், ஜாவாவின் மெழுகு. அப்பா அம்மா கணக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் இல்லை.

ஆனால் பாத்திக் தலையெடுப்பதற்கு முன் இந்தப் பகுதி முழுவதும் உடுத்தியது இந்தியத் துணியைத்தான். சோழமண்டலக் கரையில் நெய்து, கையால் சாயமெழுதிய பருத்தித் துணி கிராம்பு, ஜாதிக்காய், சந்தனம் எல்லாவற்றுக்கும் ஈடாகச் செலவாணி போலவே ஓடியது. மலாக்காவுக்குத் தமிழ் வணிகர் போனதே துணி மூட்டையுடன்தான். பழவேற்காட்டிலிருந்து ஏற்றுமதியான கட்டம்போட்ட துணியின் பெயரால்தான் மலாய் உலகில் ஆண்கள் இன்றும் உடுத்தும் கட்டம்போட்ட சாரோங்கை பெலிக்காட் என்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்தியத் துணி வரத்து குறைந்தது. அந்த இடத்தைப் பிடிக்க ஜாவாவின் பட்டறைகள் பெருகின. அவற்றின் பழைய பாத்திக் வடிவங்களில் சில சோழமண்டலத் துணியின் பூவையும் கரையையும் பார்த்து எழுதியவை. கெபாயா 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்து நாடுகளும் சேர்ந்து முன்மொழிந்தன. அந்தப் புகழில் சோழமண்டலத்து நெசவாளிக்கும் சாயக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு என்று தயங்காமல் சொல்வேன்.

காஜா பெராங்கில் வாழ்கிற செட்டிகள்

மலாக்காச் செட்டி என்றதும் வட்டித்தொழில் செய்ய வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்று குழப்பிக்கொள்கிறோம். நகரத்தார் பெருமளவில் வந்தது 19-ஆம் நூற்றாண்டில். அவர்கள் கிட்டங்கிகளில் தங்கி, சில வருடம் இருந்து, செட்டிநாட்டுக்குத் திரும்பியவர்கள். குடும்பம் ஊரிலேயே இருந்தது. மலாக்காச் செட்டிகளின் கதை அதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இன்று அவர்களிடையே பிள்ளை, நாயக்கர், முதலியார், படையாச்சி என்று பல குடிப்பெயர்கள் இருக்கின்றன.

சுல்தான்கள் காலத்தில் மலாக்காவில் தமிழ் வணிகர்கள் மிகுந்த செல்வாக்குடன் இருந்தார்கள். 1511-இல் போர்த்துக்கீசியர் நகரைப் பிடித்தபோது, முன்பு பிடிபட்டிருந்த அவர்கள் ஆட்களுக்கு உதவியிருந்த நைனா சட்டு எனும் தமிழ் வணிகரை, முஸ்லிம் அல்லாத குடிகளுக்குத் தலைவராக, பெண்டஹாரா பதவியில் அமர்த்தினார்கள். மூன்றே ஆண்டில் பதவியைப் பறித்துச் சுமத்ராவின் கம்பார் அரசருக்குக் கொடுக்க முடிவெடுத்தபோது, அந்த அவமானம் தாங்காமல் 1514-இல் அவர் தீயில் இறங்கி உயிர்விட்டார் என்று போர்த்துக்கீசியக் குறிப்புகள் சொல்கின்றன.

1641-இல் டச்சுக்காரர் வந்தார்கள். அவர்கள் கொடுத்த நிலத்தில் செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டி 1781-இல் எழுப்பியது ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில். மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று அது. அதே வரிசையில் சில அடி நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல், இன்னும் கொஞ்சம் போனால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். வணிகம் கைநழுவியபின் செட்டிகள் நகர மையத்திலிருந்து விலகி காஜா பெராங்கில் பயிர்செய்து குடியிருந்தார்கள். இன்றைய கம்போங் செட்டி அங்கேதான் இருக்கிறது. வீட்டு வாசலில் மாவிலை, முகப்பில் மலாய்த் திண்ணை. பெண்கள் சாரோங் கெபாயா உடுத்துவார்கள். ஆண்கள் விசேஷத்துக்குத் தலைப்பா கட்டுவார்கள், அதை அவர்கள் தாலாப்பா என்பார்கள்.

அவர்கள் மாரியம்மனுக்கு எடுக்கும் திருவிழாவுக்கு டத்தோ சாச்சார் விழா என்று பெயர். டத்தோ என்றால் பெரியவர், சாச்சார் என்றால் அம்மை. அம்மை நோய்க்கு அஞ்சி மாரியை வணங்கிய அதே நம்பிக்கை, மலாய் மொழியில். பால்குடமும் காவடியும் உண்டு. வீட்டில் பேசுவது மட்டும் மலாய். போகியன்று முன்னோருக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்று சொல்லும் அந்தப் படையலில் வாழையிலை விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, சோறும் குழம்பும் வைப்பதோடு நாசி லெமாக்கும் மலாய்ப் பலகாரங்களும் வைப்பார்கள். இறந்துபோன பாட்டனுக்குத் தமிழ்ச் சாப்பாடு பிடிக்கும், பாட்டிக்குத் தேங்காய்ப்பால் சோறு பிடிக்கும். இருவரையும் ஒரே இலையில் உட்காரவைக்கிறார்கள். மாம்பழக் காலமான ஜூன், ஜூலையில் பழங்களை வைத்து இன்னொரு பார்ச்சு. தமிழ் மறந்து பல தலைமுறை ஆகியும் போகியையும் தாலியையும் மாரியையும் விடவில்லை. மொழி போனால் எல்லாம் போய்விடும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இவர்களைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தமிழ் முஸ்லிம்களின் வழிவந்த ஜாவி பெரனாக்கான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலாயர்களோடு மதம் ஒன்று என்பதால் இவர்கள் மலாய்ச் சமூகத்துக்குள் எளிதாகக் கரைந்தார்கள், தடம் பிடிப்பது கடினம். ஆனால் எழுத்துலகில் பெரிய தடம் விட்டுப்போயிருக்கிறார்கள். 1876-இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ச் செய்தித்தாளின் பெயரே ஜாவி பெரனாக்கான். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப்படும் முன்ஷி அப்துல்லா, 1796-இல் மலாக்காவில் அரபு, தமிழ் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது அப்போது மலாக்காவில் வழக்கம் என்றும், தன் தகப்பனாரும் தன்னைத் தமிழ் படிக்க அனுப்பினார் என்றும் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பேழைக்குள் வராதவை

இவ்வளவு ஆழமான வரலாறு இருந்தும், அரும்பொருளகத்தின் பெரும்பகுதி ஏன் சீனப் பெரனாக்கான்களுக்கே போகிறது? யாரையும் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. அரும்பொருளகங்கள் எப்படி உருவாகின்றன என்பதற்கு இது நல்ல பாடம். அழியாத பொருளை விட்டுப்போகிறவர்கள் பணக்காரர்கள். தங்கம், பீங்கான், செதுக்கு மரம், பட்டு இவற்றை வாங்கி, பூட்டி வைக்க அறை வைத்து, மூன்று தலைமுறை காப்பாற்றிய குடும்பங்களின் பொருள்கள்தான் பேழைக்கு வருகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் அந்த வசதி பாபாக்களுக்குக் கிடைத்தது. அதே காலத்தில் செட்டிகள் வணிகத்தை இழந்து வயலுக்குப் போயிருந்தார்கள். அவர்களின் பண்பாடு இலையில் போட்ட படையலாக, கோயில் திருவிழாவாக, அம்மியில் அரைத்த குழம்பாக இருந்தது. இலையை மடித்தால் படையல் முடிந்தது. பேழையில் வைக்க எதுவும் மிஞ்சாது.

பாபாக்களின் செல்வமும் நிலைக்கவில்லை. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியும் 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானிய ஆக்கிரமிப்பும் பல குடும்பங்களை உலுக்கின. நகையை விற்று அரிசி வாங்கினார்கள். போருக்குப் பின் பெரிய வீடுகள் கைமாறின, கட்டில்களும் அலமாரிகளும் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. இளையவர்களுக்கு 12 நாள் கல்யாணத்தில் நாட்டமில்லை. இப்போது அரும்பொருளகத்தில் இருப்பவற்றில் பல அப்படிச் சிதறியவற்றை ஆர்வலர்கள் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தவை. 2008-இல் அரும்பொருளகம் திறந்த அதே ஆண்டில் நோன்யா குடும்பக் கதையொன்று சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் தொடராக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. கெபாயாவும் நோன்யா சாப்பாடும் மறுபடி பேச்சுக்கு வந்தன.

பாடலையும் பேழையில் வைக்க முடியாது. மலாக்காவில் இருவர் எதிரெதிரே நின்று பாந்துன் எனும் நான்கடி மலாய்ப் பாட்டுக் கட்டிப் பாடும் டொண்டாங் சாயாங் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதைப் பாடுகிறவர்கள் என்று குறிப்பிட்ட நான்கு சமூகங்களில் மலாயர், பாபா நோன்யா, போர்த்துக்கீசிய வழியினரோடு செட்டிகளும் உண்டு. அரும்பொருளகம் காட்டும் சமமின்மை அந்தப் பட்டியலில் இல்லை. பாடுவதற்குக் காசு தேவைப்படவில்லை.

ஆகவே ஓர் அரும்பொருளகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இருப்பது நல்லது. வீடு எப்படி இருந்தது என்று பார்க்க, சிங்கப்பூரின் நீல் ரோட்டில் தேசியப் பல்கலைக்கழகம் பராமரிக்கும் பாபா ஹவுஸ் இருக்கிறது. 1890-களில் கட்டிய நீல நிற வீடு, முன்பதிவு செய்துதான் போக முடியும். மலாக்காவில் டுன் டான் செங் லோக் தெருவில், 1896-இல் கட்டிய ஒரு குடும்ப வீட்டையே அந்தக் குடும்பத்தார் 1985-இல் அரும்பொருளகமாகத் திறந்தார்கள். முற்றத்தில் மழை விழும் திறப்பும், விருந்தினர் கண்ணில் படாமல் பெண்கள் எட்டிப்பார்க்கும் மரத் தடுப்பும் அங்கே பொருளோடு சேர்ந்து புரியும். பினாங்கு சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள பெரனாக்கான் மாளிகை கண்ணுக்கு விருந்து. ஆனால் அதைக் கட்டிய சுங் கெங் குவீ பாபா அல்ல, ஹக்கா இனத் தலைவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018-இல் மலாக்காச் செட்டிகளைப் பற்றித் தனிக் கண்காட்சியே நடத்தியது; சமூகத்தாரும் அதை உருவாக்குவதில் பங்கெடுத்தார்கள். அந்த மாதிரி முயற்சி நிரந்தரக் கூடமாகவே வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை மலாக்காவுக்குப் போவதுதான் வழி. சிங்கப்பூரிலிருந்து பேருந்தில் சில மணி நேரப் பயணம். கம்போங் செட்டியின் சிறிய அரும்பொருளகத்தில் வீட்டுப் பாத்திரங்கள், உடுப்புகள், பழைய படங்கள் இருக்கின்றன. பகட்டு எதுவும் இல்லை. அருகே முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. டத்தோ சாச்சார் விழா ஏப்ரல், மே மாதங்களை ஒட்டி வரும், அப்போது யாரும் போகலாம். போகிப் பார்ச்சு அப்படியல்ல; அது அவரவர் வீட்டு முன்னோருக்கான படையல், தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே கேட்டு, அழைத்தால் மட்டும் போக வேண்டும்.